ஏற்கனவே பதிவாகியுள்ளது

இணையத்தில் ஒரு படிவத்தைப் பொறுமையாக நிரப்பி, கடைசியில் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தினால், சிவப்பு எழுத்தில் "ஏற்கனவே பதிவாகியுள்ளது" என்று வரும். நாம் எல்லோருமே பார்த்திருப்போம். அந்தச் சிவப்பு வரியை எழுதுகிற ஆட்களில் நானும் ஒருவன். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆனால் அந்த ஒரு வரியை எத்தனை விதமாகத் தப்பாக எழுதலாம் என்பது எனக்குப் புரிந்தது, சம்பளமில்லாமல் செய்த ஒரு சின்ன வேலையில்தான்.

தெரிந்தவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு வருஷா வருஷம் உதவித்தொகை கொடுப்பார்கள். காகித விண்ணப்பத்தை நிறுத்திவிட்டு ஆன்லைனில் வாங்கலாம் என்று முடிவானபோது, நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். "ஒரே ஆளு ரெண்டு தடவை போட்டுடக் கூடாது தம்பி, அதை மட்டும் பாத்துக்குங்க" என்றார் பொறுப்பாளர். பார்த்துக்கொண்டேன். செல்பேசி எண்ணை வைத்து.

கடைசித் தேதி முடிந்து நாலாம் நாள் ஒரு அப்பா கூப்பிட்டார். "சார், பெரிய பொண்ணுக்குப் பதிவாயிடுச்சு. சின்னவளுக்குப் போட்டா 'ஏற்கனவே பதிவாகியுள்ளது'ன்னு வந்துச்சு. சரி, ஒரே வீடுங்கறதால ரெண்டு பேருக்கும் சேத்தே ஆயிடுச்சாட்டம் இருக்குன்னு விட்டுட்டோம். இப்ப பட்டியல்ல அவ பேரு இல்லீங்களே?"

வீட்டுக்கு ஒரே போன். இரண்டு பிள்ளைகள். என் நிரலுக்கு அது ஒரே ஆள்.

அதே வாரம் இன்னொன்றும் வந்தது. பட்டியலைச் சரிபார்த்த தன்னார்வலர் ஒருவர், "இந்தப் பையன் ரெண்டு தடவை இருக்கானே, நீங்கதான் வராதுன்னீங்க?" என்று கேட்டார். எடுத்துப் பார்த்தால் பெயர், ஊர், எண், எல்லாம் அச்சு அசல். பதிவான நேரம்கூட அதே நொடி.

அதாவது, தடுக்க வேண்டியதைத் தடுக்கவில்லை. தடுக்கக் கூடாததைத் தடுத்திருக்கிறது. ஒரே ஃபார்ம், ஒரே சோதனை, இரண்டு பக்கமும் தோல்வி. ஏன் என்று உட்கார்ந்து யோசித்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. நிரல் எழுதத் தெரியாதவர்களும் படிக்கலாம். கோடு எதுவும் கிடையாது.

டவுன் பஸ்ஸும் துண்டும்

முதலில் இரட்டைப் பதிவு எப்படி உள்ளே வந்தது என்று பார்ப்போம்.

நான் எழுதியிருந்தது எல்லோரும் எழுதுகிற மாதிரிதான். ஃபார்ம் வந்ததும் டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி: "இந்த எண் உன்னிடம் இருக்கிறதா?" இல்லை என்று பதில் வந்தால் அடுத்த கட்டளை: "அப்படியானால் இதைச் சேர்த்துக்கொள்." பார், பிறகு சேர். படிக்கும்போது இதில் ஒரு தப்பும் தெரியாது.

கூட்டமான டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள், ஒரு இடம் காலி. வாசலுக்குப் போய் ஏறுகிறீர்கள். அதே நேரம் அந்தப் பக்க ஜன்னலில் இன்னொருவரும் பார்த்திருக்கிறார். அவருக்கும் அது காலிதான். அவர் பின்வாசலில் ஏறுகிறார். இரண்டு பேர் பார்த்ததும் உண்மை. பார்த்ததற்கும் உட்கார்வதற்கும் நடுவில் நேரம் ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

பஸ்ஸிலாவது இடம் ஒருவருக்குத்தான் கொள்ளும். யாரோ ஒருவர் நின்றுதான் ஆக வேண்டும். டேட்டாபேஸ் டேபிளுக்கு அப்படி ஒரு அளவு நாம் சொல்லாதவரை கிடையாது. இரண்டு பேரையும் அதே இடத்தில் உட்கார வைத்துவிடும்.

அந்தப் பையன் விஷயத்தில் நடந்தது இதுதான். நெட் மெதுவாக இருந்திருக்கும். பொத்தானை அழுத்தி ஒன்றும் நகராததால் மறுபடி அழுத்தியிருப்பான். இரண்டு கோரிக்கைகள் சர்வருக்கு வந்து, தனித்தனிப் புரோசஸ்களாக ஓடியிருக்கின்றன. இரண்டும் கேட்டன, இரண்டுக்கும் "இல்லை" என்றே பதில், இரண்டும் சேர்த்துவிட்டன. நடுவில் இருந்த இடைவெளி சில மில்லிசெகண்டுதான். எங்கள் தொழிலில் இதை ரேஸ் கண்டிஷன் என்போம். நான் வீட்டில் சோதித்துப் பார்த்தபோது ஒருமுறைகூட வரவில்லை. தனி ஆளாகச் சோதித்தால் வராது. கடைசி நாள் சாயங்காலக் கூட்டத்தில்தான் வரும்.

"ரெண்டையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள்ள போட்டா போதுமே" என்று சக பொறியாளர்கள் சிலர் சொல்வார்கள். போதாது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும், நாம் எதையும் மாற்றாமல் விட்டால் இருக்கிற நிலையில், ஒரு டிரான்சாக்‌ஷன் இன்னும் முடிக்காத வேலை மற்றொன்றின் சாதாரணத் தேடலுக்குத் தெரியாது. இரண்டும் "இல்லை" என்றே பார்க்கும். எல்லாவற்றுக்கும் மேலான சீரியலைசபிள் நிலையில் வைத்தால் ஒன்று தடுக்கப்படும். ஆனால் அப்போது தோற்ற கோரிக்கையைப் பிடித்து மறுபடி ஓட்டும் வேலையை நாம் எழுத வேண்டும்.

பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் செயலிழக்கச் செய்வது நல்ல பழக்கம். பதிவானதும் வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடுவதும் நல்லதுதான், அப்போது ரீஃப்ரெஷ் செய்தாலும் மறுபடி அனுப்பப்படாது. ஆனால் இரண்டுமே அந்த ஒரு பிரவுசருக்குள் நடக்கிற ஏற்பாடு. அக்கா ஒரு போனிலும் தம்பி பிரவுசிங் சென்டரிலும் ஒரே விண்ணப்பத்தைப் போட்டால் அதற்கு என்ன தெரியும்?

நம் ஊரில் இதற்கு ஒரு தீர்வு ரொம்ப நாளாகவே இருக்கிறது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவது. இடம் காலியா என்று பார்ப்பதும் அதைப் பிடிப்பதும் ஒரே செயல். டேட்டாபேஸில் அந்தத் துண்டுக்குப் பெயர் யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட். "இந்தக் கட்டத்தில் ஒரு மதிப்பு ஒருமுறைதான் வரலாம்" என்று டேபிளிடமே சொல்லி வைத்துவிடுவது. அதன்பின் நாம் கேள்வி கேட்க வேண்டியதில்லை. நேரே சேர்க்கச் சொல்ல வேண்டியது. இடம் இருந்தால் சேரும், இல்லாவிட்டால் பிழை என்று திரும்பும்.

உள்ளே என்ன நடக்கிறது? யுனிக் என்று சொன்னதும் டேட்டாபேஸ் அந்த மதிப்புகளை வரிசைப்படுத்தி ஒரு இண்டெக்ஸ் வைத்துக்கொள்கிறது. வரிசையில் இருப்பதால் தேடுவது எளிது: பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு லட்சம் பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்க 17 ஒப்பீடு போதும். புதிய மதிப்பு ஒன்று வந்ததும் இண்டெக்ஸில் அதற்குரிய இடத்துக்குப் போகும். அதே மதிப்பை வேறொருவர் அந்தக் கணத்தில் சேர்த்துக்கொண்டிருந்தால், இரண்டாமவர் காத்திருக்க வேண்டும். முதலாமவர் வேலையை முடித்தால் இரண்டாமவருக்குப் பிழை. முதலாமவர் பாதியில் கைவிட்டால் இரண்டாமவர் உள்ளே போகலாம். பார்ப்பதற்கும் பிடிப்பதற்கும் நடுவே யாரும் நுழைய முடியாது.

அந்தப் பிழைக்கு ஒரு எண் உண்டு. மைஎஸ்கியூஎல்லில் 1062, போஸ்ட்கிரெஸில் 23505. நிரலில் அந்த எண்ணை மட்டும் பிடித்து "ஏற்கனவே உள்ளது" என்று சொல்ல வேண்டும். நான் முன்னொரு காலத்தில் எந்தப் பிழை வந்தாலும் அதையே சொல்லும்படி எழுதியிருக்கிறேன். டிஸ்க் நிரம்பியிருந்தபோது வந்த அத்தனை பேரையும் "நீங்கள் ஏற்கனவே பதிவு செய்துவிட்டீர்கள்" என்று திருப்பி அனுப்பியது அந்த நிரல்.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் யுனிக் போடப் போனால், உள்ளே பழைய இரட்டைகள் இருக்கும்வரை டேட்டாபேஸ் ஒப்புக்கொள்ளாது. முதலில் ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, ஒன்றுக்கு மேல் வருவதைப் பட்டியல் எடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை அழித்துவிடாதீர்கள். வேறு டேபிள்களில் அந்த இரண்டாவது பதிவின் பேரில் மதிப்பெண்ணோ, வங்கிக் கணக்கோ தொங்கிக்கொண்டிருக்கலாம். அவற்றை முதல் பதிவுக்கு மாற்றிவிட்டுப் பிறகுதான் அழிக்க வேண்டும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

துண்டு போட்டாயிற்று. இனி இரட்டை வராது என்று நிம்மதியாக இருந்தேன். என் இன்னொரு வேலை அந்த நிம்மதியைக் கெடுத்தது.

ஊர்ப்பெயர் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. நண்பர்கள் நாலைந்து பேர் உள்ளிடுவதற்காக ஒரு சின்ன ஃபார்ம் வைத்திருக்கிறேன். அதில் ஊர்ப்பெயரோடு வட்டத்தையும் சேர்த்து யுனிக் போட்டிருந்தேன், புதூர் என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் இருப்பதால். ஒருநாள் பட்டியலைப் பார்த்தால் கொடுமுடி இரண்டு இருக்கிறது. ஒரே வட்டம். திரையில் எழுத்துக்கு எழுத்து ஒன்று. யுனிக் இருந்தும் எப்படி?

யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் உண்டு. 'க' 2965. ஒகரக் குறி, அதாவது 'கொ'வில் க-வைச் சுற்றி இரண்டு பக்கமும் நிற்கும் குறி, 3018. ஆனால் அதே தோற்றத்தை வேறு வழியிலும் கொண்டுவரலாம்: ஒற்றைக் கொம்பு 3014, துணைக்கால் 3006 என்று இரண்டு குறிகளை அடுத்தடுத்துப் போட்டால் திரையில் அதே 'கொ' வரும். முதல் வழியில் 'கொ' இரண்டு எண்கள், இரண்டாவது வழியில் மூன்று. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு எண்ணும் 3 பைட் பிடிக்கும் என்பதால் ஒன்று 6 பைட், மற்றது 9 பைட். பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் டேபிளுக்கு இவை வேறு வேறு ஊர்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளிலும், சில தட்டச்சு மென்பொருள்களிலும் இந்த மூன்றெண் 'கொ' வரும். 'கோ'வுக்கும் 'கௌ'வுக்கும் இதே கதைதான்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. இந்த இரண்டு வடிவமும் ஒன்றே என்று யூனிகோடு தரமே சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறைக்கு நார்மலைசேஷன் என்று பெயர். அதில் என்எஃப்சி என்ற வகை பிரிந்து கிடக்கும் குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கும். பிஎச்பி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் இதற்கு ஆயத்தமான வசதி உண்டு. போஸ்ட்கிரெஸில் 13ஆம் பதிப்பிலிருந்து டேட்டாபேஸுக்குள்ளேயே செய்யலாம். சேமிக்கும் முன் ஒரே ஒரு வரி.

ஆனால் அது எல்லாவற்றையும் பிடிக்காது. தமிழில் நாம் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை:

'ஔ' ஓர் எழுத்து, எண் 2964. பலர் தட்டச்சுவது 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்து. 'கௌதமன்' என்பதைக் 'கெளதமன்' என்று கொம்பும் ளகரமுமாக அடிப்பவர்களும் நிறைய. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. நார்மலைசேஷன் இவற்றைத் தொடாது, ஏனென்றால் ளகரம் நிஜமாகவே வேறு எழுத்து.

'ஸ்ரீ' இன்னொன்று. ஸ், ரீ என்று அடித்தாலும் அந்தக் கூட்டெழுத்து வரும். 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த 'ஶ' என்ற எழுத்தை வைத்து ஶ், ரீ என்று அடித்தாலும் பல எழுத்துருக்களில் அதேதான் வரும். ஸ்ரீரங்கம், ஸ்ரீவைகுண்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் என் பட்டியலில் இரண்டிரண்டாக உட்கார்ந்திருந்தன.

அப்புறம் கண்ணுக்கே தெரியாத ஆட்கள். வேர்டு கோப்பிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ ஒட்டும்போது அகலமே இல்லாத இடைவெளிகள் கூடவே வரும். எண் 8203, 8204 என்று சில. உடையாத இடைவெளி 160 என்று ஒன்று. ஓரத்து வெற்றிடத்தை வெட்டும் பிஎச்பியின் வழக்கமான டிரிம் இவற்றை வெட்டாது.

இத்தனைக்கும் நான் கைக்கொள்ளும் முறை ஒன்றுதான். டேபிளில் இரண்டு கட்டம் வைக்கிறேன். முதலாவதில் பயனர் அடித்தது அடித்தபடியே இருக்கும், அவர் பெயரை அவர் எழுதியபடிதான் காட்ட வேண்டும். இரண்டாவது ஒப்பீட்டுக்கான கட்டம். அதில் என்எஃப்சி செய்து, தெரியாத குறிகளை நீக்கி, வெற்றிடங்களை ஒன்றாக்கி, 'ஒள'வை 'ஔ' ஆக்கி, ஶ்ரீயை ஸ்ரீ ஆக்கி வைக்கிறேன். யுனிக் இந்த இரண்டாவது கட்டத்தின் மேல்தான்.

மின்னஞ்சலுக்கும் போனுக்கும் இதே முறைதான். மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. முன்பகுதியில் விதிப்படி வேறுபாடு இருக்கலாம், நடைமுறையில் அதை வைத்து இரண்டு பேருக்கு இரண்டு முகவரி கொடுப்பவர்களை நான் பார்த்ததில்லை. போன் எண்ணை ஒருவர் பூஜ்யம் சேர்த்து எழுதுவார், ஒருவர் +91 சேர்ப்பார், ஒருவர் நடுவில் கோடு போடுவார். நாட்டுக் குறியோடு இடைவெளியில்லாமல் மாற்றி வைத்துக்கொண்டால் பிரச்சினை தீரும். உலக வழக்கில் அது 15 இலக்கத்தைத் தாண்டாது.

போன் இல்லாதவர் கட்டத்தை வெறுமையாக விட்டால்? இதிலும் ஒரு பள்ளம் உண்டு. வெறுமையை 'எழுத்தில்லாத சொல்' என்று சேமித்தால் அதுவும் ஒரு மதிப்பு. போன் இல்லாத முதல் மாணவர் சேர்ந்துவிடுவார், போன் இல்லாத இரண்டாம் மாணவரைப் பார்த்து "இந்த எண் ஏற்கனவே உள்ளது" என்று சொல்லும். எண்ணே கொடுக்காதவரிடம்! அங்கே 'நல்' என்று சேமிக்க வேண்டும், 'தெரியாது' என்று பொருள். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் மூன்றிலும் யுனிக் கட்டத்தில் எத்தனை நல் வேண்டுமானாலும் இருக்கலாம். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் ஒன்றுதான் அனுமதி.

யார் ஒருவர்?

இதுவரை சொன்னதெல்லாம் தொழில்நுட்பம். கற்றுக்கொண்டால் வந்துவிடும். அந்த இரண்டாவது பெண்ணை வெளியே நிறுத்தியது இவை எதுவும் இல்லை. துண்டு சரியாகத்தான் விழுந்தது. நான் அதை வேறொருவர் இடத்தில் போட்டிருந்தேன்.

போன் எண் ஒரு வீட்டின் அடையாளம். சில வீடுகளில் அதுவும் இல்லை, பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுப்பார்கள். கிராமத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர் பத்துப் பிள்ளைகளுக்குத் தன் மின்னஞ்சலையே போட்டுக் கொடுப்பார். எங்கள் ஆபீஸில் ஆளுக்கு இரண்டு போன் இருப்பதால், எண் என்றால் ஆள் என்று எனக்கே தெரியாமல் நினைத்துவிட்டேன்.

பெயரை வைக்கலாமா? ஒரே பெயரில், ஒரே இனிஷியலோடு, ஒரே ஊரில் இரண்டு பேர் இருப்பது நமக்குப் புதிதா என்ன? மறுபக்கம், ஒரே ஆள் ஓரிடத்தில் லட்சுமி, இன்னோரிடத்தில் இலட்சுமி, சான்றிதழில் லக்ஷ்மி. இனிஷியல் சில நாள் முன்னால், சில நாள் பின்னால்.

ஆதார்? கேட்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு சின்ன அறக்கட்டளையின் வாடகை சர்வரில், நான் ஞாயிற்றுக்கிழமை எழுதிய நிரலில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் ஆதார் எண் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரட்டையைத் தடுக்கத் தேவையானதைவிட அது ரொம்பப் பெரிய சாவி.

கடைசியில் பிளஸ் டூ தேர்வுப் பதிவெண்ணுக்கு வந்து சேர்ந்தோம். எண் மட்டும் போதாது, வேறு வருஷம், வேறு வாரியத்தில் அதே எண் இன்னொருவருக்கு இருக்கலாம். அதனால் வாரியம், தேர்வெழுதிய ஆண்டு, மாதம், பதிவெண் நான்கையும் சேர்த்து ஒரு யுனிக். கல்லூரிக்குப் போகும் பிள்ளை கையில் அந்த மதிப்பெண் பட்டியல் எப்படியும் இருக்கும். அந்த எண் அவருடையது மட்டும், வீட்டுக்குப் பொது இல்லை.

பெயர், பிறந்த தேதி, போன் ஒத்துப்போவதை நாங்கள் அடியோடு விடவும் இல்லை. இதைப் பற்றித் தேடப் போனபோது ஒரு சுவாரசியமான பழைய ஆராய்ச்சி கிடைத்தது. வெவ்வேறு இடங்களில் பதிவான பிறப்பு, திருமணம், இறப்பு விவரங்களை ஒரே ஆளுக்குச் சேர்த்துக் காட்டுவது எப்படி என்று அமெரிக்காவின் பிறப்பு இறப்புப் புள்ளிவிவரத் துறையில் இருந்த ஹால்பர்ட் டன் 1946இல் எழுதினார். 'ரெக்கார்டு லிங்கேஜ்' என்ற பெயரில் அது ஒரு துறையாகவே வளர்ந்தது. 1969இல் ஐவன் ஃபெலிகி, ஆலன் சன்டர் என்ற இருவர் அதற்குக் கணித அடிப்படை கொடுத்தார்கள். அவர்கள் முறையில் எனக்குப் பிடித்தது ஒரு விஷயம். இரண்டு பதிவுகளை ஒப்பிட்டால் விடை இரண்டு இல்லை, மூன்று. ஒரே ஆள். வேறு ஆள். இருக்கலாம், மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும்.

நான் எழுதிய சோதனையில் அந்த மூன்றாவது விடைக்கு இடமே இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. பதிவெண் நான்கும் ஒத்தால் மட்டுமே கதவு மூடும். போனோ, பெயரும் பிறந்த தேதியுமோ ஒத்தால் விண்ணப்பம் உள்ளே வந்துவிடும், பக்கத்தில் ஒரு கொடி ஏறும். தன்னார்வலர் ஒருவர் பார்த்து முடிவு செய்வார். பெரும்பாலும் அக்கா தங்கையாகத்தான் இருக்கிறார்கள்.

தப்பு இரண்டு பக்கமும் நடக்கும், ஆனால் இரண்டின் விலையும் ஒன்றில்லை என்பதுதான் இதன் சாரம். ஒரே பையன் இரண்டு முறை வந்தால் தன்னார்வலருக்கு ஐந்து நிமிஷ வேலை. ஒரு பெண் வராமல் போனால் ஒரு வருஷப் படிப்பு. ஒரு வங்கியிலோ டிக்கெட் முன்பதிவிலோ இந்தத் தராசு வேறு பக்கம் சாயலாம். எது எங்கே சாய்கிறது என்று நிரல் எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

என்ன சொல்வது

கடைசியாக அந்தச் சிவப்பு வரி.

"ஏற்கனவே பதிவாகியுள்ளது." எது? யாருடையது? எப்போது? இனி நான் என்ன செய்ய வேண்டும்? ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. அதனால்தான் அந்த அப்பா அதை நல்ல சேதியாகப் படித்தார். தமிழில் 'பதிவாகிவிட்டது' என்றால் வேலை முடிந்தது என்றுதானே அர்த்தம்? அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

இப்போது எங்கள் ஃபார்ம் இப்படிச் சொல்கிறது: "இந்தத் தேர்வுப் பதிவெண்ணில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அது உங்களுடையது என்றால் மறுபடி அனுப்பத் தேவையில்லை. உங்களுடையது இல்லையென்றால் உங்கள் விண்ணப்பம் இன்னும் சேரவில்லை, இந்த எண்ணில் எங்களைக் கூப்பிடுங்கள்." நீளம்தான். பரவாயில்லை. அடித்த விவரம் அத்தனையும் கட்டங்களில் அப்படியே இருக்கும், முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்காது. போன் அடித்து முடித்ததுமே "இந்த எண்ணில் இன்னொருவர் விண்ணப்பித்திருக்கிறார், வீட்டில் இன்னொருவர் என்றால் தொடருங்கள்" என்று மென்மையாக ஒரு குறிப்பும் வரும். அது மரியாதைக்குச் சொல்வது. தீர்ப்பு டேபிளில்தான்.

இன்னொரு எச்சரிக்கை. எல்லா இடத்திலும் இப்படி விளக்கிச் சொல்லிவிடக் கூடாது. மனநல ஆலோசனைத் தளம் ஒன்றில் யாருடைய மின்னஞ்சலையோ அடித்துப் பார்த்து "ஏற்கனவே உள்ளது" என்று வந்தால், அவர் அங்கே கணக்கு வைத்திருக்கிறார் என்று மூன்றாம் ஆளுக்குத் தெரிந்துவிடுகிறது. அம்மாதிரி இடங்களில் யார் அடித்தாலும் திரையில் ஒரே பதில்: "உங்கள் மின்னஞ்சலைப் பாருங்கள்." புதியவருக்கு உறுதிசெய்யும் கடிதம் போகும். ஏற்கனவே இருப்பவருக்கு "உங்களுக்குக் கணக்கு இருக்கிறது" என்று கடிதம் போகும். விஷயம் உரியவருக்கு மட்டும் போய்ச்சேரும்.

அந்த வருஷக் கதையை முடித்துவிடுகிறேன். நல்லவேளையாக, திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கைகளின் போன் எண்கள் சர்வர் பதிவேட்டில் இருந்தன. அறக்கட்டளையில் நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை, "கூப்பிட்டுப் பாத்துருவோம்" என்றார்கள். மூன்று பேராக உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக அழைத்தோம். பலர் நிஜமாகவே இரண்டாம் முறை போட்டவர்கள். ஒன்பது வீடுகளில் இன்னொரு பிள்ளை இருந்தது. அவர்களுக்காக இரண்டு நாள் தேதியை நீட்டினார்கள். முதலில் கூப்பிட்ட அப்பாவின் சின்னப் பெண்ணும் அதில் சேர்ந்தாள்.

ஒன்பதில் எட்டு விண்ணப்பம்தான் வந்தது. ஒரு வீட்டில், "இனிமே வேண்டாங்க, தம்பி வேலைக்குப் போயிட்டிருக்கான்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதற்கு என் ஃபார்ம்தான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. காரணமே இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை.

அந்த எண்ணை நான் அழிக்கவில்லை. அடுத்த வருஷம் ஃபார்ம் திறந்த அன்றைக்கு முதல் வேலையாக அந்த வீட்டுக்குத்தான் கூப்பிட்டேன்.